ஆயுதம் இல்லாத ஒரு பேர்

என் பிள்ளைக்கு இங்கிலிஷ் பேர்தான் வைப்பேன் என்று நான் சொன்னபோது, கனடாவுக்கு வந்து தலைகால் தெரியாமல் ஆடுகிறாள் என்று என் கணவரின் பெரியம்மா கமலாம்பிகை அஜக்ஸிலிருந்து ரெலிபோனில் சொன்னார். எனக்கு அல்ல, என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும். அது ஸ்காபரோ முழுக்கச் சுற்றி என் காதில் வந்து விழ ஒரு பகல்கூட எடுக்கவில்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற ஆள் நான். ஆனால் அந்த முறை வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரை மாதம். நான் நிறைமாதம். என் ஒரே தம்பி பரணீதரன் வன்னியில், கடலுக்கும் ஆமிக்கும் நடுவே நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டுபோன அந்த மணல் துண்டில் இருந்தான். அம்மா சாகும்போது அவனுக்குப் பால்பல்கூட விழுந்திருக்கவில்லை. அவனைக் குளிப்பாட்டியதும் சோறு தீத்தியதும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் நான்தான். வளர்ந்து கணக்கு வாத்தியாராக இருந்தவனை மாசி மாதம் இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் செத்துக் கொஞ்சக் காலத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், "அவரே வந்து பிறந்திட்டார்" என்பார்கள். பிள்ளையின் காதைப் பார்ப்பார்கள், நெற்றியைப் பார்ப்பார்கள், அதே சாயல் என்று சொல்லி அழுதுகொண்டே சிரிப்பார்கள். பிறகு செத்தவரின் பேரையே பிள்ளைக்கு வைப்பார்கள். உயிரோடு இருக்கிறவரின் பேரை எங்கள் வீட்டில் யாரும் எந்தப் பிள்ளைக்கும் வைத்தது கிடையாது. வயிற்றில் இருப்பது ஆண்பிள்ளை என்று ஸ்கானில் தெரிந்த நாளிலிருந்து, அந்த வசனம் யார் வாயிலிருந்து எப்போது விழுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். வன்னியில் என் தம்பி உயிரோடு இருந்தாலும் ஸ்காபரோவில் இவர்கள் அவனுக்குக் காரியம் முடித்துவிடுவார்கள்.

தமிழ்ப் பேர் எதை நினைத்தாலும் அந்தப் பேரில் அங்கே ஒரு ஆள் இருந்தது. செழியன் என்றால் எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பையன். மாறன் என்றால் தம்பியோடு படித்தவன். எவன் இருக்கிறான், எவன் இல்லை என்று யாருக்கும் தெரியாது. இல்லாதவனின் பேரை நான் தெரியாமல் தூக்கி என் பிள்ளைக்கு வைத்துவிட்டால்? எங்கள் ஆட்கள் ஒருவரும் வந்து பிறக்க முடியாத பேர் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. ஹரோல்ட் என்ற பேரோடு எங்கள் ஊரில் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள் அல்லவா? என் இங்கிலிஷ் மோகம் அவ்வளவுதான். கமலாம்பிகை மாமிக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? விளங்கப்படுத்த வாயைத் திறந்தாலே அந்த வசனம் வெளியே வந்துவிடும்.

எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் வேரோனிக்கா இருந்தாள். மன்னார்க்காரி, வேதக்காரி, வெக்ஸ்போர்ட் முழுக்க எனக்கு இருந்த ஒரே சிநேகிதி. அவள்தான் லைப்ரரியில் இருந்து ஆண்பிள்ளைப் பேர்ப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். ஒவ்வொரு பேருக்கும் அது எந்தப் பாஷையிலிருந்து வந்தது, என்ன அர்த்தம் என்று எழுதியிருந்தது. நான் கால்களைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் கிடக்க, அவள் வாசித்தாள்.

"ஹரோல்ட். பழைய இங்கிலிஷ். படையை ஆள்பவன்."

"வேண்டாம்."

"வோல்ட்டர். ஜேர்மன் பக்கத்துச் சொல். இதுவும் படையை ஆள்பவன்."

"உவையள் எல்லாருக்கும் படையை ஆளுற வேலைதானோ? அடுத்ததைச் சொல்லும்."

"எட்கர். செல்வம், ஈட்டி. ஜெரால்ட், ஈட்டியாலை ஆள்பவன். லூயிஸ், போரிலை புகழ் பெற்றவன். ஹார்வி, போருக்குத் தகுதியானவன். டங்கன், கறுத்த போர்வீரன். மார்க், ரோமரின்ரை போர்க்கடவுளிலை இருந்து வந்தது…"

வேரோனிக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவனும் பல்லுப் பிடுங்குகிறவனும் கடையில் கறுவாப்பட்டை பணிஸ் விற்கிறவனும் ஈட்டியையும் சண்டையையும் பேரில் வைத்துக்கொண்டா "ஹாவ் எ நைஸ் டே" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்? நான் போரிலிருந்து ஒளித்துக்கொள்ளத்தான் இந்தப் பேர்களுக்குள் வந்தேன். போர் எனக்கு முன்னமே வந்து உள்ளே குந்திக்கொண்டிருந்தது.

வேலையால் வந்த என் கணவர் இரத்தினவேலிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஒரு பாண் பேக்டரியில் வேலை. சட்டையெல்லாம் மாவு.

"என்ர பேரிலையும்தான் வேல் கிடக்கு," என்றார். "நான் ஆரைக் குத்தினனான்?"

"பகிடி விடாதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்து புத்தகத்தைப் புரட்டினார். சமாதானம் என்று அர்த்தம் வருகிற பேர் ஏதும் இருக்கிறதா என்று தேடினார். வில்பிரெட் இருந்தது. சமாதானத்தை விரும்புகிறவனாம்.

"எங்கட சுப்பர்வைசற்றை பேரும் வில்பிரெட்தான்," என்றார். "அந்தாள் விரும்பின சமாதானத்தை நான் தினமும் பாக்கிறன். உது வேண்டாம்."

நான் சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரித்து முடிந்ததும் தம்பி இந்நேரம் ஏதும் சாப்பிட்டிருப்பானா என்ற யோசனை வந்தது. புத்தகத்தை மூடச் சொன்னேன்.

பிறகு வந்த நாட்களில் பைபிளில் வருகிற வேதப் பேர்களைப் பார்த்தோம். நோவா என்றால் ஓய்வு என்று இருந்தது. வேரோனிக்கா நல்ல பேர் என்றாள். கண்ணை மூடிவிட்டவர்களைத்தானே ஓய்ந்துவிட்டார்கள் என்று சொல்கிறோம், நான் மாட்டேன் என்றேன். தோமஸ் என்றால் இரட்டையரில் ஒருவன். அப்படியென்றால் மற்றவன் எங்கே? பெஞ்சமினுக்குத் தாய் முதலில் வைத்த பேர் வேறு, துக்கத்தின் பிள்ளை என்று அதற்கு அர்த்தம், அந்தப் பேரைச் சொல்லிவிட்டு அவள் செத்துப்போனாள் என்று வேரோனிக்கா கதை சொல்லத் தொடங்க, நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீர் பேர் தேடேல்லை மலர். எல்லாப் பேருக்குள்ளையும் ஒரு சாவைத் தேடுறீர்."

உண்மைதான். ஆனால் எனக்குத் தேடாமல் இருக்கத் தெரியவில்லை. போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனமெல்லாம் கொடியைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்கிய நாட்கள் அவை. ஒருநாள் பின்னேரம் பிள்ளைகளும் கிழவர்களுமாய் கார்டினர் பெருந்தெருவில் ஏறி இருந்துவிட்டார்கள். நான் ரீவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மறிபட்டு நின்ற கார்களிலிருந்து ஹோர்ன் அடித்தார்கள். அடிக்கிற ஆட்கள் எல்லோரும் மார்க்கும் ஹார்வியுமாகத்தான் இருப்பார்கள் என்று எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது.

கடைசியில் ஈத்தன் என்ற பேரைக் கண்டுபிடித்தேன். எபிரேய மொழி. உறுதியானவன், நிலைத்திருப்பவன், நெடுநாள் வாழ்பவன். அதற்குள் ஈட்டி இல்லை, படை இல்லை, செத்த தாய் இல்லை. நான் வயிற்றில் கையை வைத்து ஈத்தன் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பிள்ளை அசையவில்லை. ஆனாலும் அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

போர் முடிந்துவிட்டது என்று உலகத்துக்குச் சொன்ன அந்தக் கிழமையே எனக்கு நோவு கண்டது. பிரசவ அறைக்கு வெளியே இருந்த ரீவியில் கொழும்பில் சனங்கள் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுப்பதைக் காட்டியதாம். என் கணவர் எழும்பிப் போய் ரீவியை நிற்பாட்டினாராம், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லையாம். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன். தாதி நல்ல மனிசி. உனக்கு இவ்வளவு நோகிறதா என்று கேட்டாள். எனக்கு எங்கே நோகிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்ல?

பிள்ளை பிறந்தான். சிவப்பாக, பெரிய காதோடு. தம்பிக்கும் பெரிய காது. நான் உடனே பிள்ளையின் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டேன்.

கமலாம்பிகை மாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் பிள்ளை பெற்றவளுக்கென்று காயப்பொடி, சரக்குத்தூள், நல்லெண்ணெய் என்று ஒரு பை. கெட்ட மனிசி இல்லை அவர். வாசலிலேயே நின்று என்னைப் பார்த்து அழுதார். நல்ல மனம், ஆனால் வாய்க்குக் கதவு கிடையாது. பிள்ளையைத் தூக்கினார், தொப்பியைக் கழற்றினார், காதைப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை," என்றார். "இது அவன்தான். பரணியே வந்து…"

"மாமி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண்ணின் பிள்ளை விழித்து அழத் தொடங்கிவிட்டது. "என்ர தம்பி இருக்கிறான். இவன் ஈத்தன். இன்னொருக்கா அந்தக் கதை கதைச்சால் பிள்ளையை உங்கட கையிலை தரமாட்டன்."

மாமி பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு என்மேல் கோபம் வரவில்லை. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. செத்த வீட்டுக்காரியிடம்தான் ஆட்கள் அப்படிப் பொறுமையாக இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் பரணியைத் தேடத் தொடங்கினோம். ஊரில் எஞ்சிய சனத்தையெல்லாம் வவுனியா முகாம்களில் முள்ளுக்கம்பிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். இங்கே தமிழ் ரேடியோவில் காலையிலும் பின்னேரத்திலும் காணாமல் போனவர்களின் பேர்களை வாசித்தார்கள். பரணீதரன், கணித ஆசிரியர், நெடுவல், பெரிய காது, இடது புருவத்தில் ஒரு வெட்டுக்காயம். வாசிக்கிறவரின் குரலில் அது போகும்போது நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்பேன். கமலாம்பிகை மாமி சும்மா இருக்கவில்லை. வவுனியாவில் அவருக்குச் செல்வாக்கான ஒரு மருமகன் இருந்தார். அவரிடம் தம்பியின் படத்தை அனுப்பி, முகாம் முகாமாகப் போய் வாசலில் நின்று விசாரிக்க வைத்தார். யாராவது கண்டீர்களா என்று வருகிற போகிற எல்லோரையும் அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னோம்.

ஒருநாள் காலை, கணவர் வேலைக்குப் போன கையோடு, ரெலிபோன் அடித்தது. நீளமான நம்பர். எடுத்தேன். இரைச்சல். பிறகு ஒரு குரல்.

"அக்கா."

சமையலறை நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

"பர…"

"சீமோன் கதைக்கிறன் அக்கா," என்று அந்தக் குரல் அவசரமாக என் வாயை அடைத்தது. "மன்னார் சீமோன். விளங்குதோ?"

அது என் தம்பியின் குரல். பல்லுத் தீட்டும்போது பாடுகிற, காய்ச்சலில் அனுங்குகிற, எனக்குத் தெரிந்த குரல்.

"ஓம்," என்றேன்.

"உங்கட தம்பியை இனி ஒருதரும் தேட வேண்டாம். அவனை எனக்குத் தெரியும். அவன் இல்லை. இஞ்சை வாசல்லை ஆரோ ஒராள் படத்தோடை நிண்டு அவன்ரை பேரைக் கேட்டுக்கொண்டு நிக்கிறார். நேற்றும் வந்தவராம். கேக்கக் கேக்க மற்ற ஆக்களும் கேக்கத் தொடங்குவினம். விளங்குதோ அக்கா?"

"ஓம்."

"தலையாட்டிகளை முகத்தை மூடிக் கூட்டிக்கொண்டு வருகினம்." குரல் தாழ்ந்தது. தலையாட்டி என்றால், சனத்தை வரிசையில் விட்டு, இவன் இயக்கம், இவன் இல்லை என்று தலையை ஆட்டிக் காட்டிக்கொடுக்கிறவன். ஆட்டினால் அந்த ஆளை அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போவார்கள். "உங்களுக்குப் பிள்ளை பிறந்திட்டுதோ?"

"ஓம். ஆம்பிளைப் பிள்ளை."

அங்கே ஒரு மூச்சு கேட்டது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு இணைப்பு அறுந்தது.

எவ்வளவு நேரம் நிலத்தில் இருந்தேனோ தெரியாது. சந்தோசம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு பயம் வந்து நின்றது. ரேடியோவில் சொன்னது நாங்கள். படம் அனுப்பியது நாங்கள். புருவத்து வெட்டைக்கூட விடாமல் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள். என் தம்பியைப் பிடித்துக்கொடுக்க எங்களைப்போல உழைத்தவர்கள் யாரும் இல்லை.

பேர்ப் புத்தகத்தை எடுத்துச் சீமோன் என்பதைப் பார்த்தேன். எபிரேயம். கேட்டவன், கடவுள் கேட்டருளினார் என்று இருந்தது. எனக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகுதான் அந்தச் சீமோன் யார் என்று யோசித்தேன். எங்கோ அந்த மணலில் செத்துக்கிடந்த ஒருவனின் அடையாள அட்டையை எடுத்துத்தான் என் தம்பி தப்பியிருக்க வேண்டும். அந்தச் சீமோனுக்கும் மன்னாரில் ஒரு அக்கா இருப்பாள். முகாமில் சீமோன் என்று ஒருவன் இருக்கிறானாம் என்று யாராவது சொல்ல, அவளும் இன்றைக்கு நிலத்தில் இருந்து அழுதிருப்பாள். வேரோனிக்காவும் மன்னார். அவளைக் கேட்டால் ஒருவேளை தெரிந்திருக்கும். அவளிடம் வாய் திறக்கக்கூடாது என்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன். அன்று பின்னேரம் அவள் கதவைத் தட்டியபோது, பிள்ளை நித்திரை என்று கதவுக்குப் பின்னால் நின்றே சொல்லி அனுப்பிவிட்டேன்.

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் கதவைப் பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து இருந்தார்.

"பெரியம்மாவுக்குச் சொல்லி அந்த மருமகனை நிப்பாட்டுவம்," என்றார்.

"என்னெண்டு சொல்லுவியள்? ஆள் இருக்கிறான், தேட வேண்டாம் எண்டோ? விடிய முன்னம் அஜக்ஸ் முழுக்கத் தெரியும். மத்தியானம் வவுனியாவுக்குத் தெரியும்."

"அப்ப காரணம் சொல்லாமல் நிப்பாட்டச் சொல்லுவம்."

"இவ்வளவு நாள் கும்பிட்டுக் கேட்ட நாங்கள் திடீரெண்டு வேண்டாம் எண்டால், ஆள் கிடைச்சிட்டான் எண்டு அவ கண்டுபிடிப்பா. வாய்தான் பெரிசு, புத்தி சின்னனில்லை."

"செத்திட்டான் எண்டு சொல்லுவம்," என்றார் மெதுவாக.

"ஆர் சொன்னது, ஆர் கண்டது, எங்கை, எப்ப, உடம்பை என்ன செய்தவை? எல்லாத்தையும் கேப்பினம். நாங்கள் ஒரு பொய் சொல்ல, அங்கை அதைச் சரிபாக்க இன்னொரு ஆள் வெளிக்கிடுவான்."

தொட்டிலில் பிள்ளை முனகினான். அவனைத் தூக்கப் போன என் கணவர், "வாடா ஈத்தன்" என்றார். அந்த நேரம்தான் எனக்கு அது தோன்றியது. தோன்றியதும் அதை வாயால் சொல்லப் பயந்து நின்றேன். ஒரு கேள்வியும் கேட்காமல் எங்கள் சனம் முழுக்க நம்புகிற மரணச் செய்தி ஒன்று இருந்தது. மாதக்கணக்காக நான் எதற்குப் பயந்து ஓடினேனோ, அதேதான்.

"முப்பத்தொண்டாம் நாள் இவனுக்குப் பேர் வைக்கேக்கை," என்றேன், "தம்பியின்ரை பேரை வைப்பம்."

அவர் பிள்ளையோடு அப்படியே நின்றார். எனக்காக அவர் கண்ணில் நீர் வந்தது.

"உம்மாலை ஏலுமோ மலர்?"

ஏலாது என்றுதான் சொன்னேன். ஏலாவிட்டாலும் செய்ய வேண்டும் என்றேன்.

முப்பத்தொன்று அன்று வீடு நிறைய ஆட்கள். ஐயர் வந்து புண்ணியாகவாசனம் செய்து பிள்ளை பிறந்த துடக்குக் கழித்தார். கறியும் பாயாசமும் மணத்தது. ஸ்ரௌவ்வில்லில் இருந்துகூடக் கணவரின் சொந்தங்கள் வந்திருந்தார்கள். வேரோனிக்கா பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை கொண்டுவந்து, நான் ஏன் இவ்வளவு நாளாகக் கதவு திறக்கவில்லை என்று கேட்காமல் ஒரு மூலையில் இருந்தாள். கமலாம்பிகை மாமி பட்டுச்சேலையோடு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் இருந்தார்.

"உந்த இங்கிலிஷ் பேரை நான் என்ர வாயாலை சொல்லமாட்டன்," என்றார். "தாய்தானே ஆசைப்பட்டவ. அவவே சொல்லட்டும்."

நான் குனிந்தேன். பிள்ளையின் காது பாலும் பவுடரும் மணத்தது. எல்லா இங்கிலிஷ் பேரிலும் போர் இருக்கிறது என்று பயந்த எனக்கு, பரணி என்பது வெறும் நட்சத்திரப் பேர் மட்டும் அல்ல, பழைய புலவர்கள் போர்க்களத்தைப் பாடிய பாட்டுக்கும் அதுதான் பேர் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் இதைச் சொன்னால், சொல்கிற என் வாய்க்குப் பலித்துவிட்டால்? ஒரு கணம் ஈத்தன் என்று சொல்லிவிட்டு எழும்பிவிடலாமா என்று நினைத்தேன். முகாம் வாசலில் படத்தோடு நிற்கிற அந்த மனிதர் நினைவுக்கு வந்தார்.

"பரணீதரன்," என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பரணீதரன். பரணீதரன்."

கமலாம்பிகை மாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ர ராசா! நீயே வந்து பிறந்திட்டியோ! அக்காவிட்டையே வந்திட்டியோ என்ர ஐயா!"

வீடு முழுக்க அழுதது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எப்போது தெரியும், யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அழுதேன். நடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், நடிக்கத் தேவைப்படவில்லை. வேரோனிக்கா என் கையைப் பிடித்து, "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றபோது அந்தச் சீமோனை நினைத்து இன்னும் பலமாக அழுதேன். என் கணவர் சுவரோடு சாய்ந்து நின்றார், அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. பாயாசத்தைத் தொட ஆள் இல்லை.

அழுத கண்ணோடு மாமி சமையலறைக்குள் போய் ரெலிபோன் எடுப்பது கேட்டது.

"தம்பி, இனி முகாமுக்குப் போகாதை. அவைக்குச் செய்தி தெரிஞ்சிட்டுது போலை. பிள்ளைக்குப் பேரை வைச்சிட்டினம்."

வேலை முடிந்துவிட்டது. ரேடியோவில் மறுநாள் அவன் பேர் இல்லை, மாமியே சொல்லி எடுப்பித்துவிட்டார். ஆனால் ரெலிபோனும் அடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பிள்ளையைப் பரணி என்று கூப்பிட வாய் திறக்கிறபோது, நான் என் வாயால் அவனை அனுப்பிவிட்டேனோ என்று பயம் வரும். துக்கம் விசாரிக்க ஆட்கள் சோறு கறியோடு வந்துகொண்டே இருந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால் இருந்து அழுது அழுது, அழுவது பொய் என்பதே எனக்கு மறந்துபோகத் தொடங்கியது. பொய்தானா என்றும் தெரியாமல் போனது.

பிறகு ஒரு காலை, கமலாம்பிகை மாமியும் இன்னும் இரண்டு பெண்களும் ஹோலில் இருக்கும்போது, ரெலிபோன் அடித்தது. நான் அறைக்குள் கொண்டுபோக நினைத்தேன். மாமியின் கண் என்மேல் இருந்தது. அங்கேயே நின்று எடுத்தேன்.

"சீமோன் கதைக்கிறன்," என்றது குரல். மெலிந்து, எங்கோ பள்ளத்துக்குள் இருந்து வருகிற மாதிரி.

"சொல்லும்," என்றேன். மாமிக்குக் கையால் ஒன்றுமில்லை என்று காட்டினேன்.

"இப்ப ஒருதரும் வாசலுக்கு வாறேல்லை."

"நல்லது."

"உங்கட பிள்ளை சுகமோ? என்ன பேர் வைச்சனீங்கள்?"

ஹோலில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அவன் பக்கத்தில் யார் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது.

"பரணி," என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவனுக்கு எங்கள் வழக்கம் தெரியும். எந்தப் பேரை எப்போது வைப்பார்கள் என்று தெரியும். என்ன செய்திருக்கிறேன் என்று அவனுக்கு விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. பிறகு என்னால் நிற்பாட்ட முடியவில்லை.

"பரணி நல்லா இருக்கிறான்," என்றேன். "பரணிக்கு ஒண்டும் வராது. பரணி பயப்பிடக்கூடாது. நான் எந்த நேரமும் பரணியைத்தான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன். பரணி சாப்பிட வேணும். சரியோ? பரணி என்ன குடுத்தாலும் சாப்பிட வேணும்."

"பாவம், பிள்ளை பால் குடிக்கிறானில்லையோ?" என்று மாமி ஹோலிலிருந்து கேட்டார்.

ரெலிபோனில் அவன் அழுவது கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, சின்ன வயதில் அடி வாங்கினால் அழுகிற அதே மாதிரி.

"அக்கா," என்றான். "அதை இன்னொருக்காச் சொல்லக்கா."

"பரணி," என்றேன்.

இணைப்பு அறுந்துவிட்டது. காசு முடிந்ததா, போனைப் பறித்தார்களா, தெரியாது. ரெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வெறும் இரைச்சலுக்குள் நான் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே நின்றேன். மாமி எழும்பி வந்து, பிள்ளை இங்கே இருக்கிறான் என்று அவனை என் கையில் தந்தார்.